குஞ்சிதபாதத்தின் குழாய்

குஞ்சிதபாதத்தின் கணையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிற சங்கதி வடக்குத்து ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்ட ஒரே ஆள் குஞ்சிதபாதம்தான்.

கணையம் என்றால் எது என்பதில் ஊருக்குள் மூன்று கட்சி இருந்தது. ஒரு கட்சி அதை ஈரல் என்றது. இன்னொரு கட்சி, ஈரலுக்குத் தம்பி என்றது. மூன்றாவது கட்சி, அதெல்லாம் குடிக்கிறவனுக்கு மட்டும்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. அவன் பெண்டாட்டி செவ்வந்திக்கு மட்டும் அந்தக் குழாய் எங்கே இருக்கிறதென்று துல்லியமாகத் தெரியும். கொஞ்ச மாசமாக அது அவள் தலைமேல்தான் இருந்தது.

செவ்வந்திக்கு ரோட்டோரத்தில் டிபன் கடை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிற ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்துக்கு நேரெதிரே, தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி. முடித்துவிட்டுக் கரித்தூள் அப்பிய முகத்தோடு வருகிறவர்களுக்கு வடை, போண்டா. சித்திரை பிறந்து அனல் ஆரம்பித்துவிட்டால் தகரத்துக்குக் கீழே நிற்பதற்கும் எண்ணெய்ச் சட்டிக்குள் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியொரு மத்தியானத்தில், உள்ளங்கையில் வடையைத் தட்டித் துளை போட்டு எண்ணெயில் நழுவவிடப் போகிற நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அம்மா, சரிதா பேசறேங்க. எண்டோஸ்கோபி டிபார்ட்மென்ட். குஞ்சிதபாதம் வீட்டுக்காரம்மாதானே?"

"ஆமாங்க. இப்போதிக்கி நான்தாங்க."

"அவருக்கு ஸ்டென்ட் எடுக்கற தேதி தாண்டி ரொம்ப நாள் ஆச்சும்மா. தையிலயே வந்திருக்கணும். எத்தனை தடவை போன் பண்ணிட்டேன்?"

"நீங்க போன்லதாங்க பேசறீங்க. நான் நேர்ல பேசிக்கினு இருக்கேன். எனக்கே நடக்கல."

"உள்ள இருக்கறது பிளாஸ்டிக்மா. நாளானா அடைச்சிக்கும். அடைச்சா சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தாயிடும். சில பேருக்குத் தானா நழுவி வெளிய வந்துடறதும் உண்டு. எப்படி இருந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகணும். இந்த வாரம் கூட்டிக்கிட்டு வந்துடுங்கம்மா, ப்ளீஸ்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்ததால் குரல் வெளியேயும் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதம், 'உயிருக்கே ஆபத்து' என்ற இடத்தில் கூரையைப் பார்த்தான். 'தானா நழுவி' என்ற இடத்தில் அவன் காது நிமிர்ந்ததைச் செவ்வந்தி கவனிக்கவில்லை. வடை தீய்ந்துகொண்டிருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிட்டு எழுந்தால் போதும், மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு ஈட்டி போட்ட மாதிரி வலிக்கும். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி மூலையில் கிடப்பான். குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் கணையம் பழசை மறக்கவில்லை. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணையத்திலிருந்து குடலுக்கு வருகிற மெல்லிய வழியில் கல் அடைத்திருக்கிறது என்றார்கள். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, எட்டிய மட்டும் கல்லை எடுத்து, வழி மறுபடி சுருங்காமலிருக்கப் பேனா ரீபிள் மாதிரி நீலமாக ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்தார்கள். வைப்பதற்கு முன் டாக்டர் அதேபோல ஒன்றைச் செவ்வந்தியிடம் காட்டினார். "இதுதாம்மா. மூணு மாசத்துல எடுத்துடணும்."

வலி ஆணியைப் பிடுங்கினாற்போல் போய்விட்டது. அதுதான் வினையாகப் போனது. வலித்திருந்தால் போயிருப்பான். தையில் கூப்பிட்டபோது பொங்கல் என்றான். மாசியில் மகள் எழில்மதி முழுகாமல் இருக்கிறாள், பார்க்கப் போகணும் என்றான். பங்குனியில் சுரங்கத்தில் மண் சுமந்து ஓடுகிற பெல்ட்டைப் புதுசாக மாற்றுகிறார்கள், தான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்றான். இவன் கான்ட்ராக்டில் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுகிற ஆள். இவன் இல்லாவிட்டால் நிற்கக்கூடியது செவ்வந்தியின் தலைவலி மட்டும்தான்.

"கேட்டியா? அந்தப் பொண்ணு அழுவாத கொறையா சொல்லுது" என்றாள் செவ்வந்தி, தீய்ந்த வடையை அவன் பக்கமாக எறிந்து.

"ந்தா புள்ள, நான் இருவது வருசமா பெல்ட்டுக்கு அடியில கெடக்கறவன். ஒண்ணு தெரிஞ்சிக்கோ. ஓடிக்கினு இருக்குற பெல்ட்ட எவனாவது சொம்மா நிறுத்துவானா? சத்தம் வரல. சூடு ஏறல. ஒரு பக்கமா சாயல. ஓடுது. ஓடறதுல கைய வச்சா, திரும்பி ஓடுமோ ஓடாதோ யாருக்குத் தெரியும்? வுட்டுடு."

முதல் ஷிப்ட் முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி டீ குடித்துக்கொண்டிருந்த சடையப்பன் தலையாட்டினார். அவர் பெர்மனன்ட், பெல்ட் ஆபரேட்டர். பெர்மனன்ட் ஆள் தலையாட்டினால் கான்ட்ராக்ட் ஆளுக்கு அது சட்டம் மாதிரி.

"அவன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதும்மா. ரன்னிங்ல இருக்கறத டிஸ்டர்ப் பண்ணக்கூடாது."

"அப்பிடிங்களா சடையப்பண்ணே? அப்ப புதங்கிழம புதங்கிழம பெல்ட்ட நிறுத்திப்புட்டு இன்னா கிழிக்கிறீங்க?"

"அது மெயின்டனன்ஸும்மா."

"அன்னிக்கிதான எனக்கு வட டபுளா போவுது. ரோலர மாத்தனோம், மண்ணு கொட்டுற எடத்துல தேஞ்ச தகட்ட மாத்தனோம்னு கறுப்புக் கையோட வந்து நின்னுக்கினு கேக்குறீங்கல்ல. தேஞ்சி ஓட்டையாவறதுக்கு முன்னயே மாத்தறது தகட்டுக்கு மட்டுந்தான், மனுசன் வயித்துக்கு இல்லியா?"

சடையப்பனுக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. "குஞ்சிதம், பாயின்ட் உழுந்துடுச்சிடா!"

"அண்ணே, தகடு கம்பெனியோடது. இது என்னோடது" என்றான் குஞ்சிதபாதம். "அதுவுமில்லாம, நான்தான் இம்மாம் வருசத்துல பெர்மனன்ட் ஆவல. உள்ள போன அதாவது ஆவட்டுமே."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஊரில் அவனுக்கு அதுதான் பேர். சாவு வீட்டில்கூட ஓரமாக நாலு பேரைச் சேர்த்து வைத்துச் சிரிக்க வைப்பான். அவனோடு குடித்தனம் நடத்திய செவ்வந்திக்கு மட்டும், பல் சுளுக்கிக்கொண்ட மாதிரி, சிரிப்பு வந்து ரொம்ப வருஷமாகியிருந்தது. தட்டிலிருந்து அவன் ஒரு சூடான வடையை எடுத்தான். அவள் கரண்டியால் புறங்கையில் ஒன்று வைத்தாள். எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் நாளெல்லாம் எண்ணெய் கொதிப்பதும் யார் போட்ட முடிச்சோ.

பிறகு ஒரு நாள் விடிகாலையில், முந்திரித் தோப்புப் பக்கம் ஒதுங்கப் போன குஞ்சிதபாதம், தேர் இழுத்துவிட்டு வந்தவன் மாதிரி நடந்துவந்தான். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர்.

"பூடுச்சி."

"இன்னா பூடுச்சி?"

"உள்ள இருந்ததுதான். அந்தப் பொண்ணு சொல்லுச்சில்ல, சில பேருக்குத் தானாவே வந்துடும்னு. வந்துடுச்சி. நல்லாத் தேச்சிக் கழுவி எடுத்தாந்துட்டேன். பாரு."

செவ்வந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நீலமாக, விரல் நீளத்துக்கு, ரீபிள் மாதிரி ஒரு குழாய். டாக்டர் காட்டியதும் நீலம்தான். ரீபிள் மாதிரிதான். மூக்கைப் பொத்திய கையால் அப்படியே வாயையும் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு அவள் செய்த காரியங்களைச் சொன்னால் யாரும் அவளைப் பைத்தியம் என்பார்கள். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். கை கொள்ளாத அளவு சூடம் கொளுத்தினாள். சர்க்கரைப் பொங்கல் வைத்து, பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் இலையில் வைத்துக் கொடுத்தாள். இரவு ஷிப்ட் முடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கியவர்கள், என்ன விசேஷம் என்று கேட்காமலே தின்றுவிட்டுப் போனார்கள். குஞ்சிதபாதம் பெஞ்சில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, "ஒரே ஒரு வட" என்றான். அவள் அரை வடை கொடுத்தாள். கரண்டி பிடித்த கைக்கு அது எவ்வளவு பெரிய தானம் என்று அவளுக்குத்தான் தெரியும். குழாயைத் திருநீற்று மடலில் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

சரிதாவுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். சரிதாவும் சந்தோஷப்பட்டாள். "ஆனா எக்ஸ்ரே எடுத்துடுங்கம்மா. உள்ள இல்லன்னு தெரிஞ்சாதான் நான் இங்க முடிச்சதா எழுத முடியும்."

"எக்ஸ்ரேவா?" என்றான் குஞ்சிதபாதம். "கதிரு பட்டா ஒடம்புக்கு ஆவாது. கேன்சர் வந்துடும்."

இருபது வருஷமாகக் கரித்தூளை மூச்சாக இழுக்கிற மனுஷன். அன்றைக்கே அவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் சாமிக்குச் சூடம் காட்டின பிறகு சந்தேகப்படுவது அம்மனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

உறுத்தலை உடைத்தவன் அவள் தம்பி மதிவாணன். கம்பெனி டவுன்ஷிப்பில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தவன், சாமி படத்துக்குக் கீழே தீப்பெட்டி தேடினான்.

"எக்கா, சாமிகிட்ட எதுக்கு ஒயர் ஒறைய வச்சிருக்கற?"

"அட, அது மாமா வயித்துல இருந்ததுடா."

மதிவாணன் அதை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நீல ஒயரை எடுத்து, பல்லால் உறையை உருவி, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"மாமா வயித்துக்கு எப்ப கரண்டு இழுத்தாங்க?"

வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த குஞ்சிதபாதம் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்கய்யா போற? குந்து" என்றாள் செவ்வந்தி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தேங்கா ஒடச்சனே. ஊருக்கே பொங்க வச்சிக் குடுத்தனே. ஒரு ஒயருக்காய்யா நான் சூடம் கொளுத்துனேன்?"

"கோவப்படாத. சாமிக்கி எல்லாம் ஒண்ணுதான்."

"மாமா, வாய மூடிக்கினு இரு" என்றான் மதிவாணன்.

"மச்சான், நீ ஒயரப் பத்தி மட்டும் பேசு."

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் செவ்வந்தி. "உள்ள இருக்கறத எடுக்க ஒரு காலம்பற போதும். அதுக்கு ஏன்யா இம்மாம் ஏமாத்து? ஒயரத் தேடி, வெட்டி, அளவு பாத்து... இந்த வேலய எடுக்கறதுக்குப் பட்டிருந்தா எப்பயோ எடுத்து முடிஞ்சிருக்கும்யா!"

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. தட்டைத் தரையில் தள்ளி வைப்பாள். எண்ணெயில்லாத ரசத்தைச் சோற்றின் மேல் ஊற்றுகிற வேகத்தில் பாதி அவன் மடியில் தெறிக்கும். அவன் மடியைத் துடைத்துக்கொண்டே தின்றான். பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கதை கிடைக்காமல் எழுந்து போனார்கள். சடையப்பன் ஒரு நாள் வடைக்குச் சட்னி போதவில்லை என்று சொல்லப் போய், அவள் பார்வையைப் பார்த்துவிட்டு, போதும் என்றார்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம். தகரக் கூரை விரிந்து டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் நாய்கூட இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த குஞ்சிதபாதம் வீட்டுக்குள் போய்ப் படுத்தவன், உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"செவ்வந்தி, அந்தக் கம்பிளிய எடு."

அவள் முதலில் அதையும் கேலி என்றுதான் நினைத்தாள். சட்டியில் போண்டா பொரிந்துகொண்டிருந்தது. இறங்குகிற பஸ்ஸுக்குக் கும்பல் வரும். இரண்டாம் தடவை கூப்பிட்ட குரலில் பல் கிட்டுகிற சத்தம் கேட்டது. கரண்டியோடு உள்ளே போனாள். அவன் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கிடந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தொட்டால், அடுப்பிலிருந்து எடுத்த கைக்கே சுட்டது.

"வெயிலு ஒத்துக்கல" என்றான்.

"வயிறு?"

"லேசா."

அவன் 'லேசா' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மண் சரிந்து இடுப்புவரை புதைந்த அன்றைக்கும் லேசா என்றுதான் சொன்னான். வெளியே வந்து கேஸை நிறுத்தினாள். போண்டா பாதி வெந்து எண்ணெயில் மிதந்தது. இறங்கி வந்த கும்பல் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கடை புயலுக்கு மட்டும்தான் மூடியிருந்தது. அதுவும் 'தானே' புயலில் கூரை பறந்ததனால்.

"இன்னிக்கி இல்ல. போங்க" என்றாள்.

மதிவாணன் ஒரு வேன்காரரிடம் கெஞ்சி, ஆம்னி வேனோடு அவரையும் கூட்டி வந்தான். பின் சீட்டில் செவ்வந்தி மடியில் தலைவைத்துக் குஞ்சிதபாதம் கிடந்தான். வடலூர் தாண்டி, குள்ளஞ்சாவடியில் ரோட்டோரம் பலாப்பழம் மலைபோலக் குவித்திருந்தது. வெட்டிய பழத்தின் வாசம் ஜன்னல் வழியாக வந்து அடைத்தது.

"வாசம் பாக்கலாமா, அதுவும் ஆவாதா?" என்றான் கண்ணை மூடியபடியே.

"பேசாத."

"பேசலன்னா செத்துட்டேன்னு நெனச்சிக்குவ."

"நெனச்சிக்கினா இன்னா? நிம்மதியா ரெண்டு நாளு அழுவேன்."

முன் சீட்டிலிருந்து மதிவாணன் கண்ணாடியில் பார்த்தான். அக்கா இப்போதே அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏற்றி, காய்ச்சலுக்கு மருந்து போட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் அதே இடத்தில்தான் இருந்தது. சுத்தமாக அடைத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்குக் காலையில் எடுத்தாக வேண்டும், இன்னும் தள்ளினால் கையை மீறிவிடும் என்றார் டாக்டர். போனில் அதிகாரி மாதிரிப் பேசிய சரிதா நேரில் பார்த்தால் எழில்மதி வயசுப் பெண். "நீங்கதானா அது?" என்று செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒயர்க் கதையைச் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே வரிசையாக உட்கார வைத்தார்கள். செவ்வந்தி மருந்துச் சீட்டோடு கவுன்டருக்குப் போய்த் திரும்புவதற்குள் சிஸ்டர் கதவைத் திறந்து, "குஞ்சிதபாதம்!" என்று கூப்பிட்டாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

செவ்வந்திக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிச் சுவரே இடிந்திருக்கலாம். கக்கூசில் இல்லை. மாடிப்படியில் இல்லை. மதிவாணன் ஒரு பக்கம் ஓட, இவள் ஒரு பக்கம் ஓடினாள். வெளி கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில், கரும்புச்சாறு பிழிகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியை அரைகுறையாகக் கட்டிக்கொண்டு, புறங்கையில் ஊசி ஒட்டிய பிளாஸ்திரியோடு. கடலூர் பஸ் ஒன்று நின்று போயிருந்தது. ஏறவில்லை.

"ஏன்யா, நீ மனுசந்தானா? உள்ள பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. இங்க கரும்புச்சாறு கேக்குதா ஒனக்கு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"போன தபா இன்னா நடந்துச்சின்னு ஒனக்குத் தெரியாது" என்றான். "தொண்டையில மருந்த அடிச்சாங்க. மரத்துப்பூடுச்சி. குப்புறப் படுக்க வச்சி, வாயில ஒரு வளையத்தக் குடுத்துக் கடிச்சிக்கச் சொன்னாங்க. அரமயக்கம். எல்லாம் கேக்குது. சார், வழி கெடைக்கலங்கறாங்க. இன்னொரு தபா பாருங்கறாங்க. எனக்கு எச்சி முழுங்க வரல. நான் முழிச்சிக்கினு இருக்கேன்னு சொல்லணும். வாய் இல்ல."

கரும்புச்சாற்று மெஷின் மணி கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அவன் அது நிற்கட்டும் என்று காத்திருந்தவன் மாதிரி, நின்றதும் தொடர்ந்தான்.

"மண்ணு சரிஞ்சி உள்ள கெடந்தப்ப எனக்குப் பயமில்ல செவ்வந்தி. கத்துனேன். ஆளு வந்தாங்க. இங்க கத்தறதுக்கு ஒண்ணியும் இல்ல. பொணம் மாதிரி கேட்டுக்கினு கெடந்தேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொன்னா சிரிப்ப."

"நீ சொல்லி நான் என்னிக்கிய்யா சிரிச்சிருக்கறேன்!"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதும் மெய்தான்" என்றான்.

அவளுக்கு ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, அப்படியே தூக்கிக்கொண்டு வடக்குத்துக்கு ஓடிவிடலாம் போலவும் இருந்தது. ஒயருக்குச் சூடம் கொளுத்தினாள், தகட்டையும் ரோலரையும் இழுத்து வந்து வாதாடினாள். இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவிழ்த்துவிட்ட வாயில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. அங்கியின் பின்பக்க நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டு, அவனை எழுப்பினாள். அவன் எழுந்தான். கொளுத்துகிற வெயிலில் நடுங்கிக்கொண்டே கூட நடந்தான்.

அறை வாசலில் சிஸ்டரை மறித்துக்கொண்டாள். "யம்மா, நானும் உள்ள வரட்டா?"

"அட்டெண்டர் யாரும் வரக்கூடாதும்மா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. இவுருக்கு உள்ள எல்லாம் கேக்குமாம், பேசத்தான் முடியலியாம். பயப்படுறாரு. மயக்கம் ஏறற வரைக்கும் இவுருகிட்ட யாராவது பேசிக்கினே இருங்கம்மா. எதுனா. வெயிலப் பத்திக்கூடப் பேசுங்க."

சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறடி ஆள், தலை குனிந்து நின்றான். "மயக்க டாக்டர்கிட்ட சொல்றேம்மா. முழுசா தூங்க வச்சிடுவாரு. நான் தலைமாட்டுலதான் நிப்பேன். வாங்க அண்ணே. உங்க ஊர்ல முந்திரி என்ன, காய்ப்பு எப்படி?"

"புயலுக்கப்பறம் வச்ச கன்னும்மா, இப்பதான்..." என்று அவன் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போனது கதவு மூடுகிறவரை கேட்டது.

செவ்வந்தி சுவரோரம் குந்தினாள். மதிவாணன் டீ வாங்கி வந்தான். ஆறிப்போனது. இன்னொரு டீ வாங்கி வந்தான். அதுவும் ஆறியது. மூன்றாவது டீயை அவனே குடித்துவிட்டான்.

டாக்டர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்ன ட்ரே. அதற்குள் ஒரு குழாய். நீலம் என்று சொன்னால்தான் தெரியும். கரி பிடித்த அடுப்புத் திரி மாதிரி கறுத்து, முனை முழுக்க அடைத்திருந்தது.

"வந்துடுச்சும்மா. சீழ் வெளியேறிடுச்சு. காய்ச்சல் ரெண்டு நாள்ல இறங்கிடும். இன்னும் தாமதமாகியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டார். "இனிமே பயமில்ல."

"நல்லாருப்பீங்க சாமி."

"ஆனா வழி இன்னும் சுருங்கித்தான் இருக்கு. கல்லும் கொஞ்சம் பாக்கி. அதனால புதுசா ஒண்ணு வச்சிருக்கேன். மூணு மாசத்துல வந்து எடுத்துடணும்."

செவ்வந்தி டாக்டரையே பார்த்தாள். பிறகு ட்ரேயைப் பார்த்தாள். பிறகு மதிவாணனைப் பார்த்தாள். அவன் கூரையில் ஓடிய ஒயரிங்கைக் கண்ணால் சோதித்துக்கொண்டிருந்தான்.

"மறுக்காவா?" என்றாள்.

"மறுபடியும்தாம்மா."

அவனை வெளியே தள்ளிக்கொண்டு வந்து வார்டில் விட்டார்கள். தொண்டை மருந்து தெளியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, பேச்சும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள் சிஸ்டர். அவன் கண் மெல்லத் திறந்தது. அவளைத் தேடிப் பிடித்தது. உதடு அசைந்தது, காற்றுத்தான் வந்தது. கையை வயிற்றுக்கு மேலே கொண்டுபோய், பிடுங்குகிற மாதிரிச் சாடை காட்டினான். எடுத்தாகிவிட்டதா?

எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பொய்யுமில்லை. மிச்சத்தை ஊருக்குப் போன பிறகு சொல்லலாம். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டாங்கய்யா. ஆனா பாதை இன்னும் சரியாவலயாம். புதுசு ஒண்ணு வச்சிருக்காங்க. மூணு மாசத்துல திரும்ப வரணும். ஒளிக்காம சொல்லிட்டேன்."

அவன் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான்.

"ஆமா. மூணு."

விரல்கள் மடங்கின. அவன் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. ஒரு கேலி இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இத்தனை மாசம் அவள் சேர்த்து வைத்த திட்டு அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிர்த்துப் பேச முடியாத நிலையில் அவன் இப்படி இன்னும் மூன்று மாசத்துக்குச் சிக்கப்போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"மாவு புளிச்சிப் பூட்டிருக்கும்" என்றாள். "போட்டது போட்டபடி வந்துட்டேன். அந்தப் போண்டாவ எவன் தின்னானோ. சடையப்பண்ணன் எடுத்திருப்பாரு, வேவாததுன்னாலும் வுடமாட்டாரு. எழில்மதிக்கிச் சொல்லல, சொன்னா மாசமா இருக்கறவ பஸ் ஏறி வந்துடுவா. வேன்காரரு இங்கியேதான் நிக்கிறாரு, ராத்திரி கொசு புடுங்கிடுச்சாம்..."

பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு விசிறிக்கொண்டிருந்த அம்மாள், கொஞ்ச நேரம் இதைக் கேட்டுவிட்டு மெல்லச் சாய்ந்து கேட்டாள். "அவுருக்கு மயக்கம் தெளிஞ்சிடுச்சாம்மா? கேக்குதா?"

"எல்லாம் கேக்கும். பதில்தான் சொல்ல முடியாது" என்றாள் செவ்வந்தி, அவன் காதோரத்தை முந்தானையால் துடைத்தபடி. "அதான் நான் பேசிக்கினு இருக்கேன்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "எங்க வுட்டேன்? ஆங், கொசு" என்று தொடர்ந்தாள்.